சகேயுவுக்கு எத்தனை கட்டம்?

அம்பாங்கில் பெரியம்மா வீடு. எல்ஆர்டி கடைசி நிலையத்தில் இறங்கிப் பத்து நிமிடம் நடக்க வேண்டும். சனிக்கிழமை சாயங்காலம் போனால் சாப்பாட்டு மேசையில் மூன்று சாமான் கட்டாயம் இருக்கும்: முதுகு கிழிந்து டேப் ஒட்டிய பழைய பைபிள், பளபளப்பு போகாத புதிய பைபிள், நடுவில் மடித்துவைத்த ஒரு மாத இதழ். இதழின் கடைசிப் பக்கத்தில் விவிலியக் குறுக்கெழுத்துப் புதிர். பெரியம்மா பென்சிலால்தான் போடுவார். பேனாவால் போடுகிறவர்களுக்குத் திமிர் என்பது அவர் கட்சி.

ஒருநாள் நான் போனபோது அந்தப் பக்கத்தை முறைத்துக்கொண்டிருந்தார். ‘இயேசுவைப் பார்க்க மரம் ஏறிய குள்ள மனிதர்’ என்று குறிப்பு. சண்டே ஸ்கூலில் ஒருநாள் உட்கார்ந்தவனுக்குக்கூடத் தெரியும். பெரியம்மா ‘சகேயு’ என்று எழுதியிருந்தார். ச, கே, யு. மூன்று எழுத்து. கட்டமோ நாலு.

“ஒரு கட்டம் மிச்சம் இருக்குடா.”

புதிய பைபிளைத் திறந்து லூக்கா 19ஐ எடுத்தார். அங்கே ‘சக்கேயு’. ச, க், கே, யு. அழித்துவிட்டு எழுதினார். “இது அவங்க சகேயு. நம்ம சகேயு இல்ல.”

பெரியம்மா புராட்டஸ்டண்ட் குடும்பத்தில் பிறந்து கத்தோலிக்கரான பெரியப்பாவைக் கட்டிக்கொண்டவர். பழைய பைபிள் பிறந்த வீட்டிலிருந்து வந்தது. புதியது, 1995இல் வெளிவந்த திருவிவிலியம், பெரியப்பா வாங்கியது. பெரியப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். இரண்டு பைபிளும் மேசையில் இருக்கின்றன. புதிர் போட்டவர் எந்தப் பைபிளை வைத்துப் போட்டார் என்று கண்டுபிடிப்பதுதான் பெரியம்மாவுக்கு முதல் புதிர். மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்.

நான் சபைக்குப் போவதை நிறுத்திப் பல வருடம் ஆகிறது. ஆனாலும் இந்தப் புதிர்ப் பக்கம் ஒரு வாசகனாக என்னைத் தொந்தரவு செய்கிறது. ஒரு பெரிய நூலை நாம் எப்படி வாசிக்கிறோம், அடுத்தவருக்கு எப்படி வாசிக்கக் கற்றுக்கொடுக்கிறோம் என்பது அதில் அப்பட்டமாகத் தெரிகிறது. யாரும் இதைப் பற்றி விமர்சனம் எழுதுவதில்லை. பின்பக்கத்துச் சமாச்சாரம் என்று விட்டுவிடுகிறார்கள். அதனாலேயே எழுதலாம் என்று தோன்றியது.

*

முதலில் அந்த இரண்டு பைபிள்.

தமிழில் பைபிள் ஒரே மொழியில் இல்லை. 1714-15இல் தரங்கம்பாடியில் சீகன்பால்குவின் புதிய ஏற்பாடு அச்சானதிலிருந்து ஆளாளுக்குத் திருத்தியும் மாற்றியும் வந்திருக்கிறார்கள். தோட்டத்துக்கும் ரயில்வேக்கும் ஆள் எடுத்த காலத்தில் தமிழ்நாட்டிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் மலாயாவுக்கு வந்தவர்கள் தத்தம் சபையைக் கொண்டுவந்தார்கள், சபையோடு அதன் சொற்களையும் கொண்டுவந்தார்கள். பிரிக்பீல்ட்ஸில் மெதடிஸ்ட் ஆலயத்திலும் லுத்தரன் ஆலயத்திலும் ‘கர்த்தர்’ என்று ஜெபிக்கிறவரும், கத்தோலிக்கக் கோயிலில் ‘ஆண்டவர்’ என்று மன்றாடுகிறவரும் ஒரே கடையில் தோசை சாப்பிடுகிறார்கள். ஒரே கட்டத்துக்குள் அவர்களை உட்கார வைக்கும்போதுதான் தகராறு.

லாசரு மூன்று கட்டம், இலாசர் நாலு. நாசரேத் நாலு, நாசரேத்து ஐந்து. ரூத் இரண்டு, ரூத்து மூன்று. இவை பரவாயில்லை, எண்ணிப் பார்த்தாலே தெரிந்துவிடும். ஆபத்தானவை வேறு. ‘சுவிசேஷம்’ ஐந்து எழுத்து, ‘நற்செய்தி’யும் ஐந்து. ‘ஞானஸ்நானம்’ ஆறு, ‘திருமுழுக்கு’ம் ஆறு. எண்ணிக்கை ஒன்று. ஆனால் ஓர் எழுத்துகூட ஒன்றாக இல்லை. நீங்கள் நிம்மதியாக எழுதிவிட்டுப் போவீர்கள். அரைமணி நேரம் கழித்து மேலிருந்து கீழே வரும் சொல் வந்து இடிக்கும்.

இதில் வடமொழி, தனித்தமிழ் சண்டையின் நூறு வருடச் சரித்திரம் இருக்கிறது. ஆதியாகமமா தொடக்க நூலா, சங்கீதமா திருப்பாடலா என்று தேர்ந்தெடுக்கும்போதே நீங்கள் யார் வீட்டுப் பிள்ளை என்று தெரிந்துவிடுகிறது.

இது சின்ன விஷயம் என்று மலேசியாவில் இருப்பவர்கள் சொல்ல மாட்டார்கள். ஹெரால்ட் என்ற கத்தோலிக்க வார இதழ் நான்கு மொழிகளில் வருவது. அதன் மலாய்ப் பகுதியில் கடவுளைக் குறிக்க எந்தச் சொல்லைப் போடலாம் என்பது நீதிமன்றம் வரை போனது. 2009 டிசம்பர் 31இல் உயர்நீதிமன்றம் இதழுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. 2013 அக்டோபரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது. 2014 ஜூனில் கூட்டரசு நீதிமன்றம் மேற்கொண்டு வழக்காட அனுமதி தரவில்லை. தமிழ்ப் பக்கத்துக்கு அந்த வழக்கு வரவில்லை. தேவன், கடவுள் என்று எது வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம். யாரும் நம்மைத் தடுக்காததால், நாம் எந்தச் சொல்லை ஏன் எழுதுகிறோம் என்று யோசிப்பதையும் விட்டுவிட்டோமோ என்று எனக்குச் சந்தேகம்.

*

அடுத்தது என் அண்ணன் மகள். வயது பன்னிரண்டு. தேசியப் பள்ளியில் படிக்கிறாள். தமிழ் நன்றாகப் பேசுவாள், பாட்டியோடு வாய்ச்சண்டை போடும் அளவுக்கு. வாசிப்புதான் தடுமாற்றம். அவள் போகும் ஞாயிறு வகுப்பில் ‘சொல் தேடல்’ தாள் கொடுப்பார்கள். பெரிய சதுரம் நிறைய எழுத்துகள், அவற்றுக்குள் பன்னிரண்டு தீர்க்கதரிசிகளின் பெயர். கீழே பட்டியலும் இருக்கும். கண்டுபிடித்து வட்டம் போட வேண்டும்.

ஐந்து நிமிடத்தில் பன்னிரண்டையும் கண்டுபிடித்து நட்சத்திர ஸ்டிக்கர் வாங்கிவிட்டாள். வீட்டுக்குக் கொண்டுவந்து காட்டினாள். நான் ஒரு வட்டத்தின்மேல் விரலை வைத்து, “இது யாரு?” என்றேன். எரேமியா. அவளால் வாசிக்க முடியவில்லை.

“படிக்கத் தேவையில்ல சித்தப்பா. ஷேப்பைப் பாத்தா போதும்.”

உண்மைதான். ஆங்கிலத்தில் 26 எழுத்து. கண்டபடி இட்டு நிரப்பினாலும் தேடுகிற சொல்லின் எழுத்துகள் எங்கும் சிதறிக் கிடக்கும், கண் ஏமாறும். தமிழில் 247. ‘ரே’ என்ற எழுத்து அந்தச் சதுரத்திலேயே ஓரிடத்தில்தான் இருக்கும். பார்த்தவுடன் பளிச்சென்று தெரியும். ஆங்கிலத்துக்குப் பொருந்துகிற ஒரு விளையாட்டை அப்படியே தமிழுக்கு இறக்கினால் அது வாசிப்புப் பயிற்சியாக இல்லாமல் உருவம் பொருத்தும் பயிற்சியாகிவிடுகிறது. நட்சத்திரம் வாங்கியவளுக்கு எரேமியாவும் தெரியாது, எழுத்தும் தெரியாது.

இன்னொரு கொடுமையும் உண்டு. இணையத்தில் இலவசமாகப் புதிர் செய்து தரும் கருவிகள் பல இருக்கின்றன. அவற்றில் சில தமிழ் எழுத்தை எழுத்தாகப் பார்ப்பதில்லை, கணினிக் குறியீடாகப் பார்க்கின்றன. யோவான் நமக்கு மூன்று எழுத்து. யூனிகோடு கணக்கில் ஆறு துண்டு: ய ஒரு கட்டம், அதன் கொம்பும் காலும் சேர்ந்து ஒரு கட்டம், வ ஒன்று, அதன் கால் ஒன்று, ன ஒன்று, கடைசியில் புள்ளி மட்டும் தனியாக ஒரு கட்டம். ஒட்டிக்கொள்ள எழுத்து கிடைக்காத கொம்பு, பக்கத்தில் புள்ளி வட்டம் போட்டுக்கொண்டு நிற்கும். ஆசிரியை பாவம், சனிக்கிழமை இரவு அவசரத்தில் அச்செடுத்திருப்பார். பிள்ளை அதைத்தான் தமிழ் என்று நினைத்துக்கொள்ளும்.

குறுக்கெழுத்து தமிழுக்கு ஒத்துவராது என்று இதற்கு அர்த்தமில்லை. 1913 டிசம்பர் 21ஆம் தேதி நியூயார்க் வோர்ல்ட் நாளிதழில் ஆர்தர் வின் போட்ட முதல் குறுக்கெழுத்துப் புதிர் ஆங்கில எழுத்துக்காகப் பிறந்தது. தமிழுக்கு வரும்போது அதன் இயல்பு மாறுகிறது. 247 எழுத்தில் இரண்டு சொற்கள் ஓர் எழுத்தில் சந்திப்பது கடினம். ஆகவே தமிழ்க் கட்டங்களில் சந்திப்புகள் குறைவு. பெரும்பாலும் ன், ம், ர், கு, து போன்ற சொல்லின் வாலில்தான் சந்திக்கும். சந்திப்பு குறைந்தால் பக்கத்துச் சொல்லிலிருந்து கிடைக்கும் உதவியும் குறையும். விடைக்குப் போக மிஞ்சுவது குறிப்பு ஒன்றுதான். தமிழில் குறுக்கெழுத்தின் பாரம் முழுக்கக் குறிப்பின்மேல் இருக்கிறது. நம் புதிர்கள் கோட்டை விடுவது சரியாக அந்த இடத்தில்.

*

மறுபடி சகேயுவிடம் வருவோம்.

‘மரம் ஏறிய குள்ள மனிதர்.’ இதில் தப்பு ஒன்றும் இல்லை. லூக்கா அப்படித்தான் சொல்கிறார். ஆனால் மரம் ஏறியது கதையின் ஆரம்பம். சகேயு ஆயக்காரருக்குத் தலைவன், பணக்காரன், ஊர் வெறுத்த ஆள். இயேசு அவனைக் கீழே இறங்கச் சொல்லி, இன்று உன் வீட்டில் தங்க வேண்டும் என்கிறார். ஊர் முணுமுணுக்கிறது. அப்போது அவன் எழுந்து நின்று சொத்தில் பாதியை ஏழைகளுக்குக் கொடுக்கிறேன், யாரையாவது ஏமாற்றி வாங்கியிருந்தால் நாலு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்கிறான். இறங்கிய பிறகுதான் கதை நடக்கிறது. புதிர்களில் அவன் இறங்குவதே இல்லை. நான் பார்த்த புதிர்களில் எல்லாம் அவன் மரத்தில்தான் உட்கார்ந்திருக்கிறான்.

ஒவ்வொருவருக்கும் இப்படி ஓர் அடையாளச் சீட்டு கட்டிவிட்டிருக்கிறார்கள். நோவா என்றால் பேழை. யோனா என்றால் மீன். தோமா என்றால் சந்தேகம். யூதாஸ் என்றால் முப்பது வெள்ளிக்காசு. சீட்டைப் பார்த்துப் பெயரைச் சொன்னால் வசனம் தெரிந்ததாகக் கணக்கு. யோனா மீன் வயிற்றிலிருந்து வெளியே வந்து, நினிவே ஊர் திருந்திவிட்டதற்காகக் கோபித்துக்கொண்டு செடி நிழலில் உட்கார்ந்திருந்தான். அந்த அதிகாரத்தை எந்தக் கட்டமும் கேட்பதில்லை. மன்னிப்பைத் தாங்க முடியாத ஒரு மனிதன், இலக்கிய வாசகருக்கு அந்தப் புத்தகத்திலேயே முக்கியமான இடம் அது.

இன்னொரு வகை, எண்ணிக்கைக் கேள்வி. ‘பைபிளிலேயே மிகச் சிறிய வசனம் எது?’ விடை: யோவான் 11:35, இயேசு அழுததைச் சொல்லும் வசனம். இது ஆங்கில பைபிளிலிருந்து வந்த கேள்வி. அங்கே அது இரண்டு சொல். பெரியம்மாவின் பழைய பைபிளில் மூன்று சொல். அதே பைபிளில் 1 தெசலோனிக்கேயர் 5:16 இரண்டே சொல். கொலையைத் தடுக்கும் கட்டளையும் இரண்டே சொல். கிரேக்க மூலத்திலும் எழுத்துக் கணக்கில் அந்தத் தெசலோனிக்கேயர் வசனம் யோவானைவிடச் சிறியது. யாரும் தமிழ்ப் பைபிளைத் திறந்து எண்ணிப் பார்க்கவில்லை. பதிலை எங்கிருந்தோ எடுத்து ஒட்டியிருக்கிறார்கள்.

தப்பான விடை என்பதுகூட எனக்குப் பெரிய குறை இல்லை. நண்பன் செத்து நாலு நாள் ஆகிவிட்டது. அவனை எழுப்பப்போகிறவர், எழுப்புவோம் என்று தெரிந்தவர், கல்லறைக்குப் போகும் வழியில் அழுகிறார். ஏன் அழுகிறார்? இரண்டாயிரம் வருடமாக மக்கள் யோசித்துக்கொண்டிருக்கும் கேள்வி. நாம் அந்த வசனத்தின் நீளத்தைக் கேட்கிறோம்.

இதைப் படிக்கும் கிறிஸ்தவர் அல்லாத நண்பர்கள் சிரிக்க வேண்டாம். ‘தமிழ் என்ற சொல்லே வராத புகழ்பெற்ற தமிழ் நூல் எது?’ என்ற கேள்விக்குத் தமிழ் விழா மேடையில் கையைத் தூக்கி ‘திருக்குறள்’ என்று சொல்லிப் பரிசு வாங்கியவன் நான். கோப்பை இன்னும் வீட்டில் இருக்கிறது. மொத்தம் எத்தனை குறள், எத்தனை அதிகாரம், எந்த எண் எந்தக் குறள் என்று ஒப்பிப்பேன். காமத்துப்பாலை முதல்முறை கவிதையாக வாசித்தது இருபத்து நாலு வயதில். நம் பெரிய நூல்கள் எல்லாவற்றையும் நாம் வினாடி வினாவாகத்தான் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறோம். பைபிள் புதிர் அந்தப் பழக்கத்தின் கிறிஸ்தவக் கிளை. அவ்வளவுதான்.

*

கட்டத்துக்கு ஒரு சுபாவம் இருக்கிறது. பெயர் உள்ளவர்களைத்தான் அது உள்ளே விடும். பைபிளில் பெயரில்லாதவர்கள், முக்கியமாகப் பெண்கள், ஏராளம். கிணற்றடியில் இயேசுவோடு அவ்வளவு நேரம் வாதாடிய சமாரியப் பெண்ணுக்குப் பெயர் இல்லை. யெப்தா நேர்ச்சை செய்து பலி கொடுத்த மகளுக்குப் பெயர் இல்லை. யெப்தாவுக்குக் கட்டம் கிடைக்கும், மகள் குறிப்பில் வந்து போவாள்.

இதில் மிகக் கசப்பானது சிம்சோன் கதை, ஏனென்றால் அதுவே ஒரு விடுகதையைப் பற்றிய கதை. நியாயாதிபதிகள் 14. கல்யாண விருந்தில் சிம்சோன் முப்பது தோழர்களுக்கு ஒரு விடுகதை போடுகிறான். பந்தயம் முப்பது துப்பட்டியும் முப்பது மாற்று உடையும். விடை அவன் ஒருத்தனுக்கு மட்டுமே தெரிந்தது: தான் கொன்ற சிங்கத்தின் உடலில் தேனீ கூடு கட்டியிருந்ததை அவன் பார்த்திருக்கிறான், யாரிடமும் சொல்லவில்லை. அதாவது யோசித்தால் வரக்கூடிய விடை அல்ல. தோழர்கள் அவன் மனைவியை மிரட்டுகிறார்கள்: விடையைக் கேட்டுச் சொல், இல்லாவிட்டால் உன்னையும் உன் தகப்பன் வீட்டையும் கொளுத்துவோம். அவள் விருந்து நாள் முழுக்க அழுது விடையை வாங்கிச் சொல்கிறாள். சிம்சோன் பந்தயத்தைக் கட்ட அஸ்கலோனில் முப்பது பேரைக் கொன்று அவர்கள் உடையை எடுத்து வருகிறான். கடைசியில், அடுத்த அதிகாரத்தில், அவளையும் அவள் தகப்பனையும் கொளுத்தித்தான் விடுகிறார்கள்.

ஆணும் ஆணும் அறிவை நிரூபிக்கப் போட்ட விடுகதைக்கு உயிரைக் கொடுத்தவள் அவள். அவளுக்குப் பெயர் இல்லை. ‘பலசாலி நியாயாதிபதி’ என்று நாலு கட்டத்தில் சிம்சோனை எழுதிவிட்டு நாம் போய்விடுகிறோம்.

மூல நூல் புதிரை எவ்வளவு தீவிரமாக எடுத்துக்கொண்டது என்பதற்கு இன்னொரு உதாரணம் புலம்பல் நூல். எருசலேம் அழிந்ததை அழுது பாடிய நூல். எபிரேயத்தில் 22 எழுத்து. முதல் இரண்டு அதிகாரமும் நாலாவதும் 22 வசனம், ஒவ்வொன்றும் அடுத்தடுத்த எழுத்தில் தொடங்கும். நடு அதிகாரத்தில் ஓர் எழுத்துக்கு மூன்று வசனம், ஆக 66. அழுகையை அகரவரிசையில் கட்டியிருக்கிறார்கள். ஐந்தாவது அதிகாரத்திலும் 22 வசனம்தான், ஆனால் எழுத்து வரிசை இல்லை. எண்ணிக்கையைப் பிடித்துக்கொண்டே வரிசையைக் கைவிட்டுவிட்டது. அதற்குமேல் அடுக்கி வைக்க முடியவில்லை என்பது போல. தமிழில் வரும்போது வரிசை காணாமல் போய் எண்ணிக்கை மட்டும் மிஞ்சியது. எனக்கு இந்த விவரம் தெரிந்தபோது ஒரு வடிவம் துக்கத்துக்கு என்ன செய்ய முடியும் என்பது புரிந்தது. எந்தப் புதிர்ப் பக்கமும் இதைச் சொல்லவில்லை. ‘அழுகையின் தீர்க்கதரிசி யார்?’ என்று மட்டும் கேட்டது.

நமக்கும் இது புதிதல்ல. ஔவையாரின் ஆத்திசூடி அகரவரிசையில்தான் இருக்கிறது. சம்பந்தர் முன்னிருந்தும் பின்னிருந்தும் ஒரே மாதிரி வாசிக்கும் மாலைமாற்றுப் பதிகம் பாடினார், அதுவும் பக்தியாகத்தான். தொல்காப்பியம் விடுகதையைப் ‘பிசி’ என்று செய்யுள் வகையிலேயே சேர்த்தது. கிறிஸ்தவர்களில் தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) பெத்லகேம் குறவஞ்சி எழுதினார். குறி சொல்லும் குறத்தியையும் பறவை பிடிக்கும் சிங்கனையும் வேதக் கதைக்குள் நடமாடவிட்டார். எழுத்துத் தெரியாதவரும் கேட்டுச் சிரித்துக்கொண்டே கற்றுக்கொள்ளலாம். அவரிடம் குறையும் உண்டு. மிஷனரிகளோடு அவர் போட்ட சண்டையில் சபைக்குள் சாதி வித்தியாசத்தைக் காப்பாற்றும் வாதமும் கலந்திருந்தது, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் விளையாட்டு வடிவத்துக்குள் கதையை நறுக்காமல் முழுசாக ஏற்றலாம் என்று காட்டியவர் அவர். நம்மிடம் அந்தச் சொத்து இருக்கும்போது, வெளியூர்க் கட்டத்தை வாங்கி, அதிலும் பெயரை மட்டும் போட்டு நிரப்பிக்கொண்டிருக்கிறோம்.

*

சரி, புதிரே வேண்டாமா? அப்படிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பெரியம்மா மேசையில் நடப்பதையும் பார்க்கிறேன். ஒரு கட்டம் இடிப்பதால்தான் இரண்டு பைபிளும் திறக்கின்றன. ‘ஆயக்காரன்’ என்றால் என்ன என்று பேத்தி கேட்கிறாள். வரி வாங்குறவன் என்கிறார் பாட்டி. ஆயம் என்ற பழைய தமிழ்ச் சொல் அம்பாங்கில் ஓர் அடுக்குமாடி வீட்டில் உயிரோடு இருப்பதற்கு அந்தக் கிழிந்த பைபிள்தான் காரணம். “அப்ப வரிதண்டுவோர்னா?” அதுவும் அவன்தான். ஒரே ஆளுக்கு இரண்டு தமிழ். இதைவிட நல்ல மொழிப்பாடம் எந்தப் பாடநூலில் இருக்கிறது? தமிழ் வாசிக்கத் தடுமாறும் ஒரு பிள்ளை தானாக விரும்பித் தமிழ் எழுத்தைத் தொடும் இடம், இன்றைக்கு எனக்குத் தெரிந்தவரை, இந்தப் பின்பக்கம் ஒன்றுதான். அதனால்தான் அது சுமாராக இருக்கக் கூடாது என்று கோபம் வருகிறது.

நல்ல புதிருக்கு என் அளவுகோல் ஒன்றுதான்: விடையை எழுத நான் வசனத்துக்குள் போக வேண்டியிருக்கிறதா? ‘மரம் ஏறியவர்’ என்றால் போக வேண்டியதில்லை. ‘ஏமாற்றியதை எத்தனை மடங்காகத் திருப்பித் தருவதாகச் சொன்னான்?’ என்று கேட்டால், மரத்திலிருந்து அவன் இறங்கும்வரை வாசித்தே ஆக வேண்டும். அப்புறம், எந்தப் பைபிளை வைத்துப் போட்டது என்று மேலே ஒரு வரி. எழுத்தை எழுத்தாக எண்ணுங்கள். முடிந்தால் மற்றப் பைபிளின் சொல்லையும் ஒரு கட்டத்தில் கேளுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் எந்தச் சொல்லில் ஜெபிக்கிறார் என்று பிள்ளைகளுக்குத் தெரியட்டும்.

வாயால் சொல்வது சுலபம் என்று பெரியம்மா சொன்னதால் நானே ஒன்று போட்டேன். பழைய பைபிளை வைத்து, 2 இராஜாக்கள் 5ஆம் அதிகாரம் மட்டும். சீரியாவின் படைத்தலைவன் நாகமான், நாலு கட்டம். திருவிவிலியத்தில் நாமான், மூன்று. அவனுக்குக் குஷ்டரோகம். அவன் ஏழு தரம் முழுகிய நதி யோர்தான். இதெல்லாம் எல்லாப் புதிரிலும் வருவது. ஆனால் அந்தத் தீர்க்கதரிசியிடம் போனால் குணமாகும் என்று முதலில் சொன்னது ஒரு சின்னப் பெண். படைக்காரர்கள் இஸ்ரவேலிலிருந்து பிடித்துக்கொண்டு வந்து, நாகமானின் மனைவிக்கு வேலைக்காரியாக வைத்தவள். அவள் சொல்லாவிட்டால் அந்த அதிகாரமே இல்லை. அவளுக்காக ஐந்து கட்டம் விட்டுக் குறிப்பு எழுதினேன்: ‘பிடித்து வரப்பட்டவள். எசமானனுக்கு வழி சொன்னவள். பெயரைத் தேடிப் பார். கிடைக்காவிட்டால் காலியாக விடு.’

அண்ணன் மகள் மற்றதைப் போட்டுவிட்டு அங்கே வந்து நின்றாள். ஷேப் பொருத்த எதுவும் இல்லை. பைபிளை இழுத்து வைத்து விரலை ஓட்டி வாசிக்க ஆரம்பித்தாள். ஒவ்வொரு வரிக்கும் மூன்று தடவை தடுமாறினாள். பாட்டி கரண்டியோடு அடுப்படியிலிருந்தே திருத்திக்கொண்டிருந்தார். இருபது நிமிடம் ஆகியிருக்கும்.

“சித்தப்பா, அவ பேரு எங்கயும் போடலையே.”

“ஆமா.”

“ஏன்?”

“எழுதினவங்களுக்குத் தேவைப்படல போல.”

கொஞ்ச நேரம் பென்சிலை மேசையில் தட்டிக்கொண்டிருந்தாள். அப்புறம் மேலே கையைக் காட்டினாள். “நாலாம் மாடில வேலை செய்ற இந்தோனேசியா அக்கா இருக்காங்கள்ல? லிஃப்ட்ல தெனமும் பாத்துச் சிரிப்பேன். அவங்க பேரும் எனக்குத் தெரியாது.”

எனக்கும் தெரியவில்லை. பெரியம்மாவைக் கேட்டோம். அவருக்கும் தெரியவில்லை. அந்த ஐந்து கட்டம் அப்படியே காலியாக இருந்தது. தாளை மடித்துப் பழைய பைபிளுக்குள் வைத்துவிட்டு அவள் சாப்பிடப் போனாள்.